டீச்சருக்கே டெஸ்ட்

கேள்வி: மதுரையில் பல வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். இப்போது குடும்பத்தோடு கனடா வந்துவிட்டேன். இங்கேயும் இங்கிலீஷ் டீச்சராக முடியுமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: தாராளமாக! என்ன, உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை முதலில் அவர்கள் நம்ப வேண்டும். அரசுப் பள்ளி என்றால் 'ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ்' உரிமம் வேண்டும். பேர்தான் காலேஜ்; வகுப்பும் கிடையாது, கேன்டீனும் கிடையாது. மதிப்பெண் பட்டியலை நீங்களே கவரில் போட்டு அனுப்பினால் செல்லாது, பல்கலைக்கழகம்தான் அனுப்ப வேண்டும். தேர்வுப் பிரிவு ஜன்னலில் கால் கடுக்க நிற்க ஊரில் ஒரு தம்பி இருக்கிறாரா?

அதுவரை சும்மா இருக்காமல், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதற்கான 'டெசல்' சான்றிதழ் படிப்பை விசாரியுங்கள். புதிதாகக் குடியேறியவர்களுக்கு மத்திய அரசு செலவில் 1992 முதல் 'லிங்க்' என்ற இலவச ஆங்கில வகுப்புகள் நடக்கின்றன. அங்கே பாடம் நடத்த அந்தச் சான்றிதழ் உதவும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடுங்கள். வாடகை வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை என்று ஓனரிடம் புகார் சொல்வது, டாக்டரிடம் வலி எந்த இடத்தில் என்று விளக்குவது, இவைதான் அங்கே பாடம். முன்பெஞ்சில் ஒரு சிரியா தாத்தாவும் பின்பெஞ்சில் ஒரு சீனப் பாட்டியும் இருக்கலாம். வீட்டுப்பாடம் செய்யாததற்கு உங்கள் மதுரை மாணவர்கள் சொன்ன அதே வயிற்றுவலியைத்தான் அவர்களும் சொல்வார்கள். இலக்கணம் சரியாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும்: இந்த வேலை பெரும்பாலும் பகுதிநேரம்தான். இரண்டு இடங்களில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். புடவைக்கு மேட்சாக நல்ல ஸ்னோ பூட்ஸ் வாங்கிவிடுங்கள், நடுவில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கும்.