புகையும் கேள்விகள்

புது பங்களாக்காரர், கோத்தகிரி
கே: வீட்டோடு வெள்ளைக்காரன் காலத்து ஃபயர்பிளேஸும் சேர்ந்து வந்திருக்கிறது. இருபது வருஷமாக யாரும் பற்றவைக்கவே இல்லையாம். அப்படியானால் பத்திரம்தானே?
ப: இருபது வருஷமாக ஷெட்டில் கிடந்த அம்பாசடரை எடுத்து நேரே மேட்டுப்பாளையம் இறக்கத்தில் விடுவீர்களா? சும்மா கிடந்த புகைபோக்கிக்குள் தேன்கூடு, பெயர்ந்த செங்கல், மழை குடித்து உதிரும் சுண்ணாம்புக் காரை எல்லாம் இருக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் எரிகிற அடுப்பை, ஆள் வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

அதே வாசகர் (விடமாட்டார் போல)
கே: டார்ச் அடித்து நானே பார்த்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது. தனியாக ஆள் எதற்கு?
ப: அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 211-ஆம் எண் விதி, சோதனையை மூன்று படியாகப் பிரிக்கிறது. கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதைத் தேர்ந்த ஆள் பார்ப்பது முதல் படி, வருஷத்துக்கு ஒருமுறை. குழாய்க்குள் கேமரா இறக்குவது இரண்டாம் படி. வீடு கைமாறினாலோ, உள்ளே ஒருமுறை தீப்பிடித்திருந்தாலோ இதுதான். சந்தேகம் வலுத்தால் சுவரையே பெயர்த்துப் பார்ப்பது மூன்றாம் படி. வீடு வாங்கிய நீங்கள் இரண்டாம் படியில் நிற்க வேண்டியவர். உங்கள் டார்ச் இன்னும் வாசற்படியில் நிற்கிறது.

இல்லத்தரசி, குன்னூர்
கே: கிரியோசோட், கிரியோசோட் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன பூதம்?
ப: விறகுப் புகை மேலே ஏறும்போது குளிர்ந்து, குழாய்ச் சுவரில் படியும் கறுப்புப் பிசின். தூளாக இருக்கும்வரை பிரஷ் போதும். செதில் செதிலாகிவிட்டால் சுரண்ட வேண்டும். பளபளவென்று கெட்டிப்பட்டுவிட்டால் பிரஷ் தோற்றுவிடும். பற்றிக்கொண்டால் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டவும் கூடும். சில சமயம் சத்தமே இல்லாமல் எரிந்து, குழாயில் விரிசல் விட்டு, தானே அணைந்துவிடும். கீழே வீட்டுக்காரர் “இன்றைக்குத்தான் நல்ல கணகணப்பு” என்று போர்வையை விலக்கியிருப்பார்.

காலேஜ் மாணவன், உதகை
கே: கற்பூர மரமா, சீகையா? எது நல்ல விறகு?
ப: காய்ந்த விறகு. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈர விறகு தன் சூட்டையெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவழித்துவிட்டு, உங்களுக்குப் புகையையும் மேற்படி பிசினையும் தரும். கடைக்காரரைக் கேட்டால் எல்லாம் காய்ந்தது என்றுதான் சொல்வார். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘டங்’ என்றால் விறகு. ‘தொத்’ என்றால் இன்னும் மரம்.

ரிட்டயர்டு தாசில்தார், கொடைக்கானல்
கே: மாடி எடுத்ததிலிருந்து புகை அறைக்கே திரும்பி வருகிறது. வாஸ்துவா?
ப: காற்று. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடியாவது புகைபோக்கி உயர்ந்திருக்க வேண்டும் என்பது மேல்நாட்டுக் கணக்கு. வீட்டுக்கு மாடி எடுத்தீர்கள், புகைபோக்கிக்கு எடுத்தீர்களா?

வரி ஆலோசகர், கோவை
கே: அடுப்புக்கு வரி போட்ட அரசாங்கம் உண்டா?
ப: உண்டு. 1662-இல் இங்கிலாந்தில், ஓர் அடுப்புக்கு வருஷம் 2 ஷில்லிங். 1684-இல் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் சர்ச்சில் கிராமத்தில் ரொட்டி சுடும் பெண்மணி ஒருவர், வரிக்குத் தப்பச் சுவரை உடைத்துப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் தன் அடுப்பைச் சேர்த்தாராம். சுமார் 20 வீடுகள் சாம்பல். நாலு உயிர் போயிற்று. உங்கள் கட்சிக்காரர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எட்டாம் வகுப்பு, வெலிங்டன்
கே: சான்டா கிளாஸ் நிஜமாகவே புகைபோக்கிக்குள் இறங்குவாரா?
ப: அவரைப் பற்றித் தெரியாது. உன்னைவிடச் சின்னப் பையன்களை இங்கிலாந்தில் நிஜமாகவே ஏற்றினார்கள், கரி சுரண்ட. அப்படி ஏறி வளர்ந்தவர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று 1775-இல் பெர்சிவல் பாட் என்ற டாக்டர் எழுதினார். 1788, 1834, 1840, 1864 என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது; யாரும் மதிக்கவில்லை. 1875-இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கி இறந்தான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு விடாமல் மல்லுக்கட்டி அதே வருஷம் கொண்டுவந்த சட்டம்தான் பல்லோடு வந்தது. இந்தப் பதிலில் ஜோக் கிடையாது, தம்பி.

ஈழத்து அன்பர், ஸ்காபரோ
கே: இன்சூரன்ஸ்காரர் ‘வெட்’ சோதனை அறிக்கை கேட்கிறார். புகைபோக்கிக்குள்ளோ ஏதோ பறவை கூடு கட்டியிருக்கிறது. என்ன செய்ய?
ப: விறகு அடுப்பைச் சோதிக்கப் பயிற்சி பெற்றவருக்குக் கனடாவில் தரும் சான்று ‘வெட்’. அப்படி ஒருவரைக் கூப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். பறவை உழவாரனாக இருந்தால் கூட்டைத் தொடாதீர்கள், சட்டம் அதன் பக்கம். குளிருக்கு முன் தென்னமெரிக்காவுக்குத் தானே கிளம்பிவிடும். சொன்ன தேதியில் காலி செய்யும் குடித்தனக்காரர் வேறு யார் கிடைப்பார்?

சகுனம் பார்ப்பவர், கும்பகோணம்
கே: ஜெர்மனியில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் எதிரே வந்தால் அதிர்ஷ்டமாமே?
ப: ஆமாம். ஏழு வருஷத்தில் இரண்டு முறை அடுப்பைச் சோதிக்க வீட்டுக்கே வருவார். கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அதிர்ஷ்டம் கதவைத் தட்டும் என்பது அங்கே அரசாங்க ஏற்பாடு.

தேனிலவு ஜோடி, மதுரை
கே: டிசம்பரில் மலைக்குப் போகிறோம். அறையில் ஃபயர்பிளேஸ் இல்லாவிட்டால் கரி அடுப்பு தருவார்களாம். ரொமான்டிக்தானே?
ப: கரி அடுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் எழுந்திருக்காத தூக்கம். ஃபயர்பிளேஸ் உள்ள அறை என்றால் விடுதிக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: புகைபோக்கியைக் கடைசியாகப் பார்த்தது யார், எப்போது? கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே மாட்டியிருக்கிறது? அவர் தலையைச் சொறிந்தால் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.