மொட்டைமாடி மாலுமி

சென்னீர்குப்பத்தில் சொந்த வீடு, ஆவடியில் பார்த்த வேலையிலிருந்து ஓய்வு, காலைச் சுற்றி ஒரு நாட்டு நாய், வீட்டில் தடையில்லாத இணையம். இந்த நான்கும் ஒருவருக்குச் சேர்ந்து அமைந்தால் அவர் மாலுமி ஆகிவிடுகிறார். கடல் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதெல்லாம் ஒரு குறையே இல்லை.

ராத்திரி யூடியூபில் யாரோ ஒரு தம்பதி நாயோடு பாய்மரப் படகில் போவதைப் பார்ப்பதில் தொடங்குகிறது. அமெரிக்காவில் கரையை ஒட்டியே கால்வாயும் காயலுமாக ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீர்வழி உண்டு. சாயங்காலம் நங்கூரம் போட்டு, நாயைக் கரையேற்றி, அது காலைத் தூக்கி முடித்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். "நம்ம கிட்ட இல்லையா?" என்று மாலுமி எழுந்து உட்காருகிறார்.

இருக்கிறதே, அதுதான் வம்பு. பக்கிங்காம் கால்வாய் 1806-இல் தொடங்கியதையும், 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டி கவர்னர் பக்கிங்காம் பெயரை வைத்ததையும், விறகும் உப்பும் படகில் வந்ததையும், பாரதிதாசன் மாவலிபுரத்துக்கு அதில் போனதையும் டீக்கடையில் ஒரே மூச்சில் சொல்வார். பறக்கும் ரயில் தூண்கள் கால்வாய்க்குள் நிற்பதைச் சொல்ல மட்டும் மூச்சு போதாது.

"அந்த ரயில் பாலத்துக்கு அடியில பாய்மரம் எப்படி சார் நுழையும்?"

"மடக்கிக்கலாம்."

"அந்த நாத்தத்துல மூக்கை?"

"அதையும்தான்."

நாயின் பெயர் அட்மிரல். குளிப்பாட்ட பக்கெட்டை எடுத்தாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். அதற்கு முதுகில் கைப்பிடி வைத்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் ஆன்லைனில் வந்தது. படகில் நாய் ஒதுங்கச் செயற்கைப் புல்விரிப்பு வேண்டுமாம். அதையும் மாடியில் விரித்துப் பயிற்சி கொடுத்தார். அட்மிரல் அதில் படுத்துத் தூங்கிவிட்டு, கீழே இறங்கி எதிர்வீட்டு ஸ்கூட்டியின் சக்கரத்தில் கடமையை முடித்தது. எதிர்வீட்டம்மாள் மாலுமியோடு பேசுவதில்லை.

ஒருநாள் காசிமேட்டுக்கே போய்விட்டார், அட்மிரலை ஜாக்கெட்டோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் காற்றைப் பற்றி விசாரித்தார். அவர் வாடை, கச்சான், கொண்டல் என்று பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்: "நாய்க்கு ஜாக்கெட் போட்டுட்ட. உனுக்கு எங்க சார்?" மாலுமிக்கு நீச்சல் தெரியாது. இந்த ரகத்தில் யாருக்குமே தெரியாது என்பது என் கணிப்பு.

ஆனாலும் வீட்டில் வேலை நடக்கிறது. துணிக்கொடிக் கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போடுகிறார். அவிழ்ப்பது மனைவியின் பொறுப்பு. "ஏங்க, கடல் எங்கயும் போயிடாது. தண்ணி லாரி போயிடும், குடத்த எடுங்க" என்று கீழிருந்து குரல் வந்தால் கேப்டன் மறுபேச்சு இல்லாமல் இறங்கிவிடுவார்.

இப்போது புது நம்பிக்கை மெட்ரோ. பூந்தமல்லி பைபாஸில் ஏறினால், திட்டப்படி, அந்தத் தடத்தின் கடைசி ஸ்டேஷன் கலங்கரை விளக்கம். இதைவிடத் தெளிவாக ஒரு மாலுமிக்கு யார் வழிகாட்ட முடியும் என்கிறார். ரயிலில் நாயை விடுவார்களா என்று கேட்டேன். மூன்று நாளாக என்னோடும் பேச்சில்லை.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் எதிரில் பக்கிங்காம் என்ற பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் டீக்காசை நீங்களே கொடுத்துவிடுங்கள்.