இடுப்பில் ஒரு பட்டறை
1975-இல் ஐரோப்பாவில் பழைய ஃபியட் காரோடும் ஒழுகும் குழாய்களோடும் மல்லுக்கட்டிய அமெரிக்கர் டிம் லெதர்மேனுக்கு, கத்தியோடு குறடும் இருந்தால் தேவலையே என்று தோன்றியது. இரண்டும் சேர்ந்த அவருடைய கருவி விற்பனைக்கு வந்தது 1983-இல். இன்று அவர் நிறுவனத்தின் கனரக ‘சர்ஜ்’ மாடலில் 21 கருவிகள். எடை கால் கிலோவைத் தாண்டும். இடுப்பில் மாட்டினால் பேண்ட் இறங்கும், கௌரவம் ஏறும். ரம்பம், அரம் எல்லாம் இருந்தும் நம்மவர் அறுப்பது கூரியர் பார்சலின் டேப்பை. திறப்பது சோடா பாட்டிலை.

தினமும் கம்பி வெட்டுகிறவர் தாராளமாக வாங்கட்டும்: குறடு உறுதியா, விரித்த கத்தி பூட்டிக்கொள்கிறதா, ஒரு கையால் திறக்க வருகிறதா என்று பார்த்து. எங்கள் தெரு எலக்ட்ரீஷியனோ ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டரை வைத்தே ஊருக்கு வெளிச்சம் தருகிறார்.