ஏரிக்கரையில் ஒன் ரூம் கிச்சன்

மும்பைக்காரர்களுக்கு ஏரி என்றால் சதவீதம். பாட்சா, தான்சா, மோடக் சாகர், அப்பர் வைதர்ணா, மிடில் வைதர்ணா, விஹார், துள்சி என்று ஊருக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளின் பெயரும் நாங்கள் குடியிருக்கும் திலக் நகரில் பலருக்கு மனப்பாடம். நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு. மே மாதம் வந்தால் பேப்பரில் இருப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்து, தண்ணீர் வெட்டு எந்தத் தேதியிலிருந்து என்று கணக்குப் போடுவதோடு எங்கள் ஏரிப் பாசம் தீர்ந்துவிடும்.

இப்பேர்ப்பட்ட குடும்பத்தைப் பண்டார்தராவில் டென்ட் போட்டுத் தங்க வைக்கலாம் என்று கிளப்பிவிட்டவன் அத்தை மகன். சஹ்யாத்ரி மலைக்குள், பிரவரா ஆற்றை மறித்து 1926-இல் முடிந்த வில்சன் அணை. அதன் பின்னால் ஆர்தர் ஏரி. பக்கத்திலேயே 1,646 மீட்டரில் மகாராஷ்டிரத்தின் மிக உயரமான சிகரம் கல்சுபாய். குர்லாவில் மாறி, கசாரா லோக்கலில் கடைசி வரை போய், அங்கிருந்து ஜீப்.

முகாம் நடத்துபவர் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எச்சரித்திருந்தார். சொகுசை எதிர்பார்க்காதீர்கள். ஒரு டென்ட்டில் நான்கு பேர் நெருக்கிப் படுக்க வேண்டும். கழிப்பறை பொது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர், அதுவும் காலையில் ஒரு மணி நேரம்தான்.

சித்தி இரண்டு தடவை படித்தாள். “இதுல கஷ்டம் எங்க இருக்கு? நம்ம வீட்டைத்தான் எழுதியிருக்கான். வெந்நீர் வேற தாரானாம்.”

உண்மைதான். ஹவுசிங் போர்டின் பழைய கட்டடத்தில் ஒரு ஹால், ஒரு கிச்சனில் வளர்ந்தவர்கள் நாங்கள். ராத்திரி எழுந்து, படுத்திருக்கும் ஏழு பேரில் ஒருவர் விரலையும் மிதிக்காமல் தண்ணீர்ப் பானை வரை போய் வருவது எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வரும். நான்கு பேர் டென்ட்டில் ஆறு பேர் படுத்தோம். சித்தி சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஒரு பீரோ போடலாம் போலிருக்கே” என்றாள்.

இது கல்சுபாய் ஹரிச்சந்திரகட் சரணாலயத்தை ஒட்டிய இடம், சிறுத்தை உண்டு என்று முகாம்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். யாரும் அசையவில்லை. போரிவலி நேஷனல் பார்க்கில் சிறுத்தை, பவாய் ஏரியில் முதலை, தானே கழிமுகத்தில் பூநாரை என்று சகலத்தோடும் குடித்தனம் நடத்துகிறவர்களை இதற்கெல்லாம் பயமுறுத்த முடியாது. “வாசல்ல செருப்பை மட்டும் விடாதீங்க” என்றார் சித்தப்பா. அவருக்குத் தெரிந்த ஆபத்து அது.

இருட்டியதும் மின்மினிகள் வந்தன. மழைக்கு முந்திய சில வாரங்கள்தான் அவற்றின் காலம். மரம் மரமாக, கணபதி மண்டபத்து சீரியல் செட் போல, ஒரே தாளத்தில் ஏற்றி அணைத்தன. ஆண் பூச்சி பெண்ணை அழைக்கும் சமிக்ஞை அது, டார்ச் அடித்தால் பேச்சுவார்த்தை முறிந்துவிடும், போனை அணையுங்கள் என்றார்கள். “மெசேஜ் போட்டுட்டு ரிப்ளைக்குக் காத்துக் கிடக்கானுவ” என்றான் அத்தை மகன். அவனுக்கு அந்த வலி தெரியும். ஆச்சிக்குப் பிடித்தது வேறு: “இம்புட்டு லைட்டு, கரண்ட் பில்லே கிடையாது!”

சித்தப்பா வந்ததே மீனுக்காக. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் வாங்கிய தூண்டிலை ரயிலில் குழந்தையை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். ஆனால் அன்று சனிக்கிழமை. லீவு கிடைப்பது சனி ஞாயிறு. எங்கள் வீட்டில் சனிக்கிழமை கவுச்சி ஆகாது. ஆச்சி தீர்ப்புச் சொன்னாள்: “தூண்டில் போட்டுக்கோ. மீனைப் பிடிக்கக் கூடாது.”

சித்தப்பா தீர்ப்பை மதித்து, முள்ளில் புழு கோக்காமலே தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்து, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், கயிறைத் தளர்த்துங்க என்று யோசனை சொன்னது. மும்பையில் எங்கே பள்ளம் தோண்டினாலும் கூடுகிற அதே கூட்டம். மணி பன்னிரண்டு அடித்ததும் புழுவைக் கோத்தார். அரை மணியில் ஒரு கெண்டை. வெற்றியோடு ஆச்சியை எழுப்பினார்.

ஆச்சி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “சூரியன் உதிச்சாத்தாம்ல ஞாயித்துக்கிழமை.”

கெண்டை ஏரிக்குத் திரும்பியது.

காலையில் குளியலறை முன்னால் மற்ற டென்ட்டுக்காரர்கள் துண்டும் கையுமாக வந்து பார்த்தபோது எங்கள் வாளிகள் வரிசையாக நின்றன. சித்தி ராத்திரியே இடம் போட்டுவைத்திருந்தாள். வெந்நீர் நின்றபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் குளித்து, விபூதி பூசி, டீயும் குடித்து முடித்திருந்தார்கள். அடுத்த டென்ட் இளைஞர்கள், அந்தேரியில் ஆளுக்கொரு பாத்ரூம் உள்ளவர்கள், தூக்கம் கெட்ட கண்ணோடு, “செம எக்ஸ்பீரியன்ஸ் அங்கிள்” என்றார்கள்.

திலக் நகரிலும் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக இடித்து டவர் எழுப்புகிறார்கள். எங்களுடையதும் ஒருநாள் போகும். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு அறையில், இருபத்துநாலு மணி நேரமும் ஒழுகும் குழாயோடு வளர்வார்கள். ஒரு கழிப்பறைக்கு எட்டுப் பேர் வரிசையில் நிற்கும் அனுபவத்துக்கு அவர்கள் தலைக்கு இரண்டாயிரம் கட்டித்தான் ஆக வேண்டும். அந்தத் தொழிலைச் சித்தியே நடத்தலாம், டென்ட்டுகூட வேண்டாம்.