சோமா குடும்பத்து வக்கீல்

கடலுக்குப் போகிற வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு வெளிச்சம் தெரிந்தால் ஒன்று யாருக்காவது காய்ச்சல், இல்லையென்றால் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ என்கிற ஜப்பான் அனிமே. கடற்கரை ஊரான ஆலந்தலையில் தெருவுக்கு ஒருத்தன் இப்படித் தேறுவான். வயது இருபதுக்கு முன்னே பின்னே. டிப்ளமோ முடித்திருப்பான், வேலை வந்திருக்காது. விடியுமுன் அப்பாவோடு வள்ளம் ஏறுவான். எந்த வெயிலிலும் தலைமூடி வைத்த கறுப்புச் சட்டைதான். போனுக்கு மட்டும் இரண்டு பாலித்தீன் உறை. சோற்றுத் தூக்குக்குக்கூட வீட்டில் அந்த மரியாதை கிடையாது.

அவனிடம் போய், “கார்ட்டூனா பாக்க?” என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் மீன் ஏலம் முடிகிறவரை விடமாட்டான். நட்சுகி தகாயா என்கிற அம்மா 1998இல் பெண்பிள்ளைகள் படிக்கிற பத்திரிகையில் வரைய ஆரம்பித்து 2006இல் முடித்த மாங்கா, அதாவது படக்கதை, மொத்தம் 23 தொகுதி என்று தொடங்குவான். தாயை இழந்து கூடாரம் போட்டுத் தங்கிப் பள்ளிக்கூடம் போகிற டோரு என்ற பிள்ளை, சோமா என்கிற பெரிய குடும்பத்தின் வீட்டில் போய்ச் சேருகிறாள். அந்தக் குடும்பத்தில் சிலர்மேல் சாபம். ஆணைப் பெண்ணோ பெண்ணை ஆணோ கட்டிப்பிடித்தால் போச்சு, பொட்டென்று மிருகமாகிவிடுவார்கள். எலி, மாடு, புலி என்று ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வருகிற பன்னிரண்டு மிருகம். எலியின் பேச்சை நம்பிக் கடவுள் வைத்த விருந்தைத் தவறவிட்ட பூனை பதின்மூன்றாவது.

இதோடு நிறுத்தினால் பரவாயில்லை. இனிமேல்தான் வழக்கே. 2001இல் வந்த முதல் அனிமே 26 பகுதியோடு நின்றுபோனது. அப்போது மூலக்கதையே முடிந்திருக்கவில்லை. அது அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி எடுப்பதென்றால் ஆட்களையெல்லாம் மாற்றிப் புதிதாக எடுங்கள் என்று சொல்லிவிட்டார். 2019இல் தொடங்கி 2021இல் 63 பகுதியாக முழுக்கதையும் வந்தது. பாகப்பிரிவினையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் மாதிரி இதையெல்லாம் ஒப்பிப்பான். “மாங்கா படிக்காம அனிமேயப் பத்திப் பேசப்படாது” என்பது அவன் தீர்ப்பு. 23 தொகுதியும் படித்தாயா என்று கேட்டுப் பாருங்கள், இருமல் வரும்.

இத்தனை கதை இருக்க இவனுக்கு ஏன் இந்தச் சோமா வீடு? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கட்டிப்பிடித்தால் ஊர் சிரிக்கிற மிருகமாகிவிடுவோம் என்று பயந்து வாழ்கிற வாலிபர்களை டோக்கியோக்காரர்கள் அமானுஷ்யம் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆலந்தலையில் அது அன்றாடம். இங்கே கட்டிப்பிடிக்கவே வேண்டாம். ஒரு பிள்ளையோடு கடற்கரையில் நின்று ‘எந்த காலேஜ்?’ என்று கேட்டாலே போதும். அடுத்த பூசை மணி அடிக்கிறதற்குள் அவன் குரங்கு, அவள் வேறென்னவோ. சோமாக்காரர்களாவது கொஞ்ச நேரத்தில் மனுஷனாகத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டு டாக்டர் ஹடோரிக்கு, பார்த்தவர்கள் ஞாபகத்தையே அழிக்கிற வித்தை தெரியும். அப்படி ஒரு டாக்டர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் நம்மூரில் பாதிக் கல்யாணம் சச்சரவில்லாமல் நடக்கும்.

வீட்டில் இவனுக்கு எதிர்க்கட்சி தாத்தா. “மனுசன் எலியாவானாம், இவன் அழுவானாம்” என்பார். இவன் விடுவானா? அம்பாள் பரதவர் குப்பத்தில் பிறந்ததும், நந்தி சுறாவாகிக் கடலைக் கலக்கியதும், சிவன் வலைஞனாக வந்து சுறாவைப் பிடித்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனதும் திருவிளையாடல் புராணத்தில் இல்லையா? 1965இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கினாரே, சிவாஜி அந்தக் கடற்கரையில் நடந்த நடையைத் தாத்தா இன்றைக்கும் நடந்து காட்டுகிறாரே, அப்போது மட்டும் மாடு சுறாவாகலாமா? அதோடு விடாமல் கடல்கட்டியையும் இழுப்பான். முத்துக்குளிப்புக் காலத்தில் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ஆள் இருந்தார். அவர் வராமல் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள். அரசாங்கமே அவருக்குப் படியளந்த காலமும் உண்டு. 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்புச் சலாபத்தைப் பற்றிப் பேசும்போது தாத்தா முகத்தில் வருகிற பரவசம், பேரன் முகத்தில் பதினொரு மணிக்கு வருகிறதுதான்.

தாத்தா தோற்கிற ஆள் இல்லை. டாக்டர் ஹடோரிமேல் இருப்பது டிராகன் சாபம். ஆனால் கட்டிப்பிடித்தால் அவர் ஆவது கடல்குதிரை. இதை இவன் பெருமையாகச் சொல்லப்போக, தாத்தா வலைக்கண்ணிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “கடக்குதிரையில ஆம்பளதான் வயித்துப்பையில குட்டி சொமக்கும். ஒங்க டாக்டருக்கு அது தெரியுமால?” அன்று முழுக்க இவன் வாய் திறக்கவில்லை. ஆனாலும் வலையில் கடல்குதிரை வந்தால், “வாங்க டாக்டரே” என்று உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீரில் விடுகிறவன் இவன்தான். முதல் அனிமே வந்த அதே 2001இல் நம் அரசாங்கம் கடல்குதிரையைப் பிடிக்கக்கூடாத உயிர்ப் பட்டியலில் சேர்த்தது. வனத்துறைக்கு இப்படி ஒரு சம்பளமில்லாத ஆள் கிடைத்தது லாபம்.

போன மழைக்காலத்தில், கடலுக்குப் போகாத ஒரு நாள், அம்மாவையும் உட்கார வைத்துவிட்டான். மண்சரிவில் புதைந்த கூடாரத்தையும் அதற்குள் போன தாயின் படத்தையும் நினைத்து டோரு அழுகிற இடத்தில் அம்மா முந்தானையை எடுத்தார். பிறகு பாஷை தெரியாமலே பத்துப் பகுதி ஓடிற்று. எலிப்பையன் யூகி அடக்கமானவன், அவனுக்கே அந்தப் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று அம்மா முடிவு கட்டினார். இவன் பூனை கியோவின் கட்சி. பாவம், எல்லாரும் ஒதுக்கி வைத்த பையன், அவன் மனசு தங்கம் என்று வாதாடினான். குரல் உயர்ந்தது. திண்ணையில் படுத்திருந்த அப்பா புரண்டு படுத்தார்.

“பூனைய வீட்டு மாப்பிள்ளையாக்குனா கருவாட்டுக்கு எவன்ல காவல் இருக்கது?”