தூள்!

போன ஞாயிற்றுக்கிழமை ஊட்டியிலிருந்து திரும்பிய மைத்துனர், இக்கட்டுரையாளரின் கையில் கால் கிலோ தேயிலையைத் திணித்தார். "சாதா தூள் இல்ல அத்தான், முழு இலை. மோந்து பாருங்க." மோந்தாயிற்று. வைக்கோல்போர் வாசம். "ஆஹா" என்று சொல்லியும் ஆயிற்று. அந்த ஆஹா இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் நல்ல தேயிலையைக் கண்டுபிடிக்க மூன்று வழிகளை எழுத உட்கார்ந்தார்.

முதல் வழி, பாக்கெட்டில் இருக்கும் எழுத்தைப் படிப்பது. மைத்துனர் தந்ததில் ஓ.பி. என்றிருந்தது, ஆரஞ்ச் பீக்கோ. ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பீக்கோ சீனத்துச் சொல், தளிர்மேல் இருக்கும் வெள்ளைப் பூமயிரைக் குறித்தது. இலை உடைந்தால் பி.ஓ.பி. இன்னும் நொறுங்கினால் ஃபேனிங்ஸ். சல்லடையில் எல்லாம் போய்க் கடைசியில் மிஞ்சுவது டஸ்ட். டார்ஜிலிங் பக்கம் போனாலோ எஸ்.எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.! கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயருக்குப் பின்னால்கூட இத்தனை எழுத்து வராது. அதில் முதல் எழுத்தை விட்டால் மிஞ்சும் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.க்கு, 'சாதாரண ஜனங்களுக்கு இது ரொம்பவே உசத்தி' என்று ஆங்கிலத்தில் விரிவு சொல்லிச் சிரிப்பது தேயிலைக்காரர்களின் பழைய கேலி. இவ்வளவும் இலையின் அளவும் தோற்றமும் பற்றிய சேதி. ருசியைப் பற்றி ஓர் எழுத்து? கிடையாது.

நம்மூரில் இந்த வரிசையே செல்லாது. படம் நன்றாயிருந்தால் தூள், பிரியாணி நன்றாயிருந்தால் தூள். அப்படிப்பட்ட ஊரில் கடைசி கிரேடுக்குப் பெயர் தூள்! பாலையும் சர்க்கரையையும் மீறி நிற்க, சட்டென்று சாயம் இறங்கும் டஸ்ட்தான் லாயக்கு. டீ மாஸ்டரிடம் முழு இலையைக் கொடுத்துப் பாருங்கள், துளசியா என்று கேட்பார்.

எங்கே விட்டோம்? இரண்டாவது வழி. குன்னூர் ஏலத்துக்கு வரும் தூளை ருசி பார்ப்பவர்கள் செய்வது: கரண்டியில் எடுத்து, 'சர்ர்ர்' என்று காற்றோடு உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வது. இந்தப் பரீட்சைக்கான டிகாக்‌ஷனுக்கு 1980இல் ஐ.எஸ்.ஓ. 3103 என்று தரநிலையே வகுத்தார்கள்: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீரில் 6 நிமிடம். இதே காரியத்துக்காக ஆறு பக்கம் எழுதிய பிரிட்டிஷ் தரநிலை நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் என்னும் கேலிப் பரிசு கிடைத்தது. நியாயம்தான்.

கட்டுரையாளர் சமையலறைத் தராசில் 2 கிராம் நிறுத்தார். கடிகாரம் வைத்தார். உறிஞ்சினார். துப்பியது சிங்க்கில்தான், ஆனால் அதில் ஊறிக்கொண்டிருந்தது இட்லி அரிசி.

அதன்பிறகு மூன்றாவது வழி: தேயிலை மனைவியின் பொறுப்புக்குப் போனது. பத்து நிமிடம் கொதி, தட்டிய இஞ்சி, நாலு ஏலக்காய், எருமைப்பால், இரண்டு கரண்டி சர்க்கரை. டீயில் இஞ்சி தெரிந்தது. ஏலக்காயும் தெரிந்தது.

சாயங்காலம் மைத்துனர் போன் செய்தார். "எப்படி இருக்கு அத்தான்?"

"தூள்!"

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. "தூள் இல்ல அத்தான். இலை."