இதோ, இப்பத்தான்!

போன சனிக்கிழமை தோக்கியோவில் நிஷிகசாய் ரயில் நிலைய வாசலில் நின்றுகொண்டு நண்பருக்குப் போன் போட்டேன். "இமா தேத்தா தொக்கொரோ தெஸ்" என்றார் ஜப்பானிய மொழியில். இந்த நிமிஷம்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினாராம். பின்னால் குக்கர் விசில் அடித்தது. இன்னொன்றும் அடித்தது. தோக்கியோ தெருக்களில் குக்கரைத் தூக்கிக்கொண்டு யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

தாமதமாக வந்ததற்காகக் கோபம் இல்லை. நம்மில் எவன் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறான்? ஆனால் அந்தத் தொக்கொரோவுக்காக 'மின்னா நோ நிஹோங்கோ' என்ற ஜப்பானிய மொழிப் பாடப்புத்தகத்தின் 46-ஆம் பாடத்தோடு மல்லுக்கட்டியவன் நான். வேலை முடிந்த கையோடு சொல்வதென்றால் தொக்கொரோ. முடிந்து ரொம்ப நாள் ஆகவில்லை என்று மனசுக்குத் தோன்றினால் பக்கரி. இடுப்புத் துண்டோடு நின்றுகொண்டு ஒருத்தர் தொக்கொரோ போட்டால் வயிறு எரியாதா? தேர்வில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் எந்த வட்டத்தைக் கருக்குவது என்பதற்கு ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறேன். சொல்கிறேன், பொறுங்கள்.

தொக்கொரோ என்றால் இடம். வினைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அந்த வேலையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று காட்டும். 'தேரு தொக்கொரோ' என்றால் கிளம்பப் போகிறேன். 'தேத்தா தொக்கொரோ' என்றால் கிளம்பியாயிற்று. நடுவே ஒரே ஓர் அசை. அந்த ஓர் அசையை வைத்துப் பொய் சொல்லும் கலையை நம்மவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 'சோபா கடை தெமாயே' என்று ஜப்பானியரிடமே ஒரு சொலவடை உண்டு. தெமாயே என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது. ஆர்டர் கொடுத்த சோபா நூடுல்ஸ் எங்கே என்று கடைக்குப் போன் போட்டால், "இப்பத்தான் கிளம்பிற்று" என்பார்கள். அடுப்பில் தண்ணீர் அப்போதுதான் வைத்திருப்பார்கள். இன்றைக்கு நம்ப முடியாத சாக்கு எதற்கும் அதுதான் பெயர். நமக்கு அந்த ஓர் அசை கூடத் தேவையில்லை. பாயில் படுத்தபடியே "இதோ, வந்துட்டேன்" என்று இறந்தகாலத்தில் சொல்கிற ஜாதி நாம்.

பக்கரி இருக்கிறதே, அது இதைவிடப் பெரிய தில்லாலங்கடி. 2017 நவம்பரில் மினாமி நகரேயாமா நிலையத்திலிருந்து ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று சுகுபா எக்ஸ்பிரஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அப்பேர்ப்பட்ட ஊரில், கல்யாணமாகி மூன்று வருஷமான தம்பதி "கெக்கோன் ஷித்தா பக்கரி", இப்பத்தான் கல்யாணம் ஆச்சு, என்று சொன்னால் இலக்கணப்படி சரியாம்! தொக்கொரோவுக்குக் கடிகாரம் உண்டு. பக்கரிக்கு வெறும் மனசு. மனசை யார் அளப்பது? போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன் தப்பான கோப்பை அனுப்பிவிட்டு "ஹாயித்தா பக்கரி" என்று குனிகிறான். வாரன்டி முடிந்து செத்த வாஷிங் மெஷினைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா "கத்தா பக்கரி நா நோ நி" என்று தலையில் கைவைக்கிறார். "இப்பத்தானே வாங்கினோம், அதுக்குள்ள..." என்று மிக்சியைத் தட்டுகிற நம் வீட்டுப் பெரியம்மா அச்சு அசல் இதே ராகம்தான். அந்த மிக்சி வந்தபோது கடைக்குட்டி தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "சம்பளம் இப்பத்தானே வந்துச்சு"க்கு மட்டும் எந்த மொழியிலும் பக்கரி பொருத்தமே. அது போகிற வேகம் அப்படி.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எரியும் குப்பை, எரியாத குப்பை, பெட் பாட்டில், அதன் மூடி தனி என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். குடியிருப்புக் காப்பாளர் பையைத் தூக்கிக் காட்டி முறைக்கும்போதெல்லாம் "நிஹோன் நி கித்தா பக்கரி" என்கிறேன், ஜப்பானுக்கு இப்பத்தான் வந்தேன் என்று. வந்த நாளில் எனக்குத் தலைநிறைய முடி இருந்தது. மனிதர் அதையும் பார்த்தவர். ஆனாலும் இலக்கணம் என் பக்கம் இருக்கிறதே, என்ன செய்வார்? பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்.

இதில் உயிரெழுத்து வேறு காலை வாரும். 'தபேத்தா பக்கரி' என்றால் இப்பத்தான் சாப்பிட்டேன். 'தபேத்தே பக்கரி' என்றால் எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கிறேன். விருந்துக்குப் போன வீட்டில் "போதும்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று மரியாதையாக மறுக்கப் போய், வாய் கொஞ்சம் கோணினால் குலமானமே போயிற்று. இப்படி ஒரு மொழியை வடிவமைத்தவர்கள் புல்லட் ரயிலையும் வடிவமைத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

சுருக்குவழி எங்கே என்கிறீர்களா? அதற்கு முன்னால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, தத்தே. யாக்கிதத்தே, சுடச்சுட ரொட்டி. தக்கிதத்தே, வடித்த சூட்டோடு சோறு. பூங்காப் பெஞ்சில் 'பெங்கி நுரிதத்தே', இப்பத்தான் பெயிண்ட் அடித்தது. அந்த அட்டையைப் பார்த்ததும் விரலை வைத்துப் பார்க்காத மனுஷ ஜென்மம் எந்த நாட்டிலும் இல்லை. பெயிண்ட் காய்ந்து போயிருக்கும். அட்டையை எடுக்க ஒருத்தருக்கும் மனசு வந்திருக்காது. வீட்டுக்குப் பக்கத்து ரொட்டிக்கடையும் இந்தக் கூட்டுதான். காலையில் மாட்டிய 'யாக்கிதத்தே' பலகை சாயங்காலமும் தொங்குகிறது. நேற்று ஒரு மெலன் பன்னை எடுத்து, "இது யாக்கிதத்தேயா?" என்று கேட்டேன். கல்லாவிலிருந்த பெண் இரண்டு கைகளாலும் ரொம்பப் பணிவாகப் பலகையைக் காட்டினாள். பன் சில்லென்று இருந்தது. 180 யென்.